சோம்பு இல்லாத சோம்பு பிஸ்கட்

எங்கள் வீட்டு கிறிஸ்மஸ் பிஸ்கட்டைக் கடிக்கிறவர்கள் இரண்டு தடவை மென்றுவிட்டு, மீதியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும். சோம்பு ஒன்றுகூட இருக்காது. தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான், "எசென்ஸ் எதுவும் ஊத்துவீங்களோ?" என்று கேட்பார்கள். என் மனைவி "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பி எடுக்க உள்ளே போய்விடுவாள். நான் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிடுவேன். டிசம்பர் மாதத் தென்காசியில் அதற்குக் குறைவில்லை.

இந்த வருடம் அப்படித் திருப்ப முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், சோம்பு போன கதையைச் சொல்ல வேண்டும்.

முறுக்கும் முந்திரிக்கொத்தும் அதிரசமும் வீட்டுச் சட்டியிலேயே வெந்துவிடும். பிஸ்கட்டுக்கு மட்டும் ரொட்டிக்கடைக்குப் போக வேண்டும். பண்டிகையை ஒட்டிய நாட்களில், காலை ரொட்டியெல்லாம் வெந்து வெளியே வந்த பிறகு செங்கல் அடுப்புக்குள் தங்கியிருக்கும் சூட்டை ரொட்டிக்கடை பாய் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளுக்கு விட்டுக்கொடுப்பார். மாவு பிசைந்து, வெட்டி, தகரத் தட்டில் அடுக்கித் தருவது பெண்கள் வேலை. தட்டை அடுப்படிக்குக் கொண்டுபோய், கருகாமல் திரும்பக் கொண்டுவருவது ஆண்கள் வேலை. நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், நான் என்று ஏழெட்டுப் பேர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பு வாயிலேயே நிற்போம். அவரவர் மனைவியின் மானம் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போது வேறெங்கும் போக முடியாது.

தட்டுகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பிஸ்கட்டை வெட்டியதும் அதன் மேல் பதித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் வளையல், ஒரு வீட்டில் பித்தான். எங்கள் வீட்டில் சீப்பு. பிஸ்கட்டுக்கென்றே தனியாக வைத்திருந்த, தலைமுடியே காணாத சீப்பு. ஆனாலும் பாய் விடமாட்டார்.

"சார்வாள், ஒங்க சீப்புத் தட்டு வெந்துட்டு. பேன் எதுவும் கெடக்கான்னு பாத்து எடுத்துக்கிடுங்க!"

அடையாளம் பதிப்பது அந்தந்த வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு உள்ள உரிமை. எங்களுக்கு ஒரே மகள் என்பதால் முதலும் கடைசியும் அவள்தான். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து சீப்பு அவள் கையில்.

இரண்டு தெரு தள்ளி என் அக்காவின் வீடு. அங்கே அடையாளம், தீர்ந்துபோன நூல்கட்டை. அழுத்தினால் பூப்போல விழும். அடையாளம் மட்டும் அல்ல, பிஸ்கட்டே வேறு. என் மனைவி செங்கோட்டைக்காரி. திருவிதாங்கூரோடு இருந்த ஊர் அது. எதற்கும் தேங்காய்ப்பால் வேண்டும் அவளுக்கு. மைதா, சீனி, முட்டை, நெய், கெட்டித் தேங்காய்ப்பால். பிசையும்போது முழுச் சோம்பு ஒரு கை, வெட்டிய பிறகு மேலே தூவ இன்னும் கொஞ்சம். வெள்ளை வெளேரென்று, மெத்தென்று இருக்கும். அக்கா வீட்டில் தேங்காய்ப்பால் கிடையாது, சீனியும் கிடையாது. கருப்பட்டிப் பாகு. சோம்பை வறுத்து, சுக்கோடு சேர்த்து இடித்துப் போடுவாள். செங்கல் நிறத்தில், கடித்தால் சத்தம் கேட்கும்.

"தேங்காப்பால ஊத்திப் பிசைஞ்சா அது ஆப்பம்ட்டி. அத யாரு பிஸ்கட்டுன்னு சொன்னா ஒனக்கு?" என்பாள் அக்கா.

"சுக்கும் கருப்பட்டியும் போட்டா அது கசாயம், மதினி. எங்க ஊர்ல காய்ச்ச வந்தாத்தான் குடிப்போம்" என்பாள் இவள்.

"ஏலே தம்பி, நீ சொல்லுலே. எது நல்லாருக்கு?"

நான் ஒரு கையில் அதையும் ஒரு கையில் இதையும் வைத்துக்கொண்டு, வாய் நிறைய இருப்பதால் பேச முடியவில்லை என்று சைகை காட்டுவேன். கல்யாணமான நாள் முதல் நான் கடைப்பிடித்துவந்த வழி அது.

மகளுக்கு ஒன்பது வயதான அந்த வருடம், கார்த்திகையில், அவளுக்கு டைபாய்டு வந்தது. வாரக்கணக்கில் காய்ச்சல் இறங்கவே இல்லை. டவுனில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர், கட்டை மனிதர், வழுக்கைத் தலை, எல்லோரையும் "ஓய்" என்றுதான் கூப்பிடுவார். அவர்தான் பார்த்தார். ஒரு நாள் காலையில் பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருந்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"காய்ச்ச எறங்கிட்டுன்னு ஆடாதீரும், ஓய். இனிமேத்தான் பயம். கொடலு இப்பம் நனைஞ்ச காகிதம் மாதிரி கெடக்கும். கட்டியா ஒண்ணும் உள்ள போகக்கூடாது. ஒரு வித்து, ஒரு தோலு குத்திச்சின்னாலும் கிழிஞ்சிரும். அப்பொறம் எங்கிட்ட வந்து பிரயோசனமில்ல. கஞ்சித் தெளிவு, மோரு, குளுக்கோசு. நான் சொல்லுத வரைக்கும் அவ்வளவுதான்."

நனைந்த காகிதம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் பள்ளியில் ஜன்னல் ஓரமாக வைத்திருந்த விடைத்தாள்கள் மழையில் நனைந்துவிட்டன. ஒட்டிக்கொண்ட இரண்டைப் பிரிக்கப் போனபோது விரல் தாளுக்குள் நுழைந்துவிட்டது. மிகவும் மெதுவாகத்தான் பிரித்தேன். அன்று மேற்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை. தலைமையாசிரியரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காய்ச்சலோடு முடியும் போய்விட்டது. தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அவள் அம்மா அதைக் கண்ணில் படாமல் பொறுக்கி எடுப்பாள். மகள் ஒரு நாள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இனிமே எனக்குச் சீப்பே வேண்டாம்பா. நம்ம வீட்டுல சீப்பு பிஸ்கட்டுக்கு மட்டுந்தான்."

அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. கிறிஸ்மஸ் நெருங்கிவிட்டிருந்தது.

அந்த வருடம் பிஸ்கட் வேண்டாம் என்று மனைவி முடிவு செய்திருந்தாள். கஞ்சித் தெளிவு குடிக்கிற பிள்ளையின் மூக்குக்கு நேரே அந்த வாசனையை எப்படிக் கொண்டுவருவது? எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தினாலும் ஜன்னல் வழியாக வந்தது.

"நம்ம வீட்டுல சுடலியா?" என்று கேட்டாள் மகள்.

"நீ எந்திரிச்சு நடந்த பெறவு சுடுவோம், மக்களே."

"அப்பம் கிறிஸ்மஸ் போயிருமே. நான் திங்க மாட்டேம்மா. சத்தியமா திங்க மாட்டேன். மோந்து பாப்பேன். சீப்பு மட்டும் நான் அழுத்துதேன்."

அந்த நோயில் அவள் கேட்ட முதல் விஷயம் அது. மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம் என்று எத்தனையோ வேண்டாம்கள் கேட்டிருந்தோம். வேண்டும் என்று கேட்டதும் எங்கள் இருவருக்கும் மறுக்கும் பலம் போய்விட்டது. பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் மனைவி கொஞ்சமாக மாவு பிசைந்தாள். தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்து, தலையணை மேல் வைத்து, மகளை என் மார்பில் சாய்த்து உட்காரவைத்தோம். அவள் சீப்பை எடுத்து அழுத்தினாள். கை நடுங்கியதால் கோடுகள் நெளிந்து நெளிந்து விழுந்தன. இரண்டாவது வரிசையிலேயே மூச்சு வாங்கியது. அம்மா மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசி பிஸ்கட் வரை மகளேதான் அழுத்தினாள்.

ரொட்டிக்கடையில் பாய் தட்டை வாங்கிப் பார்த்தார். "என்ன சார்வாள், சீப்புக் கோடு இந்த வருசம் ஆத்துத்தண்ணி மாதிரி போகுது?"

"பிள்ள அழுத்துனது, பாய். படுக்கையில இருந்தே."

பாய் நீளத் துடுப்பால் முன்னால் இருந்த இரண்டு தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் தட்டை நடுவில் வைத்தார். ஓரம் தள்ளப்பட்ட தட்டுக்குச் சொந்தக்காரரான கம்பவுண்டர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பிஸ்கட்டைத் தகர டப்பாவில் போட்டு மூடி, கயிற்றால் கட்டி அலமாரியின் மேல் வைத்தோம். சாயங்காலம் அக்கா வந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த தன் வீட்டு பிஸ்கட் ஒன்றை அவள் மூக்கருகே காட்டினாள். "மோந்துக்கோ, தாயி. அத்தை அடுத்த மாசம் ஒனக்குன்னே சுட்டுத் தாரேன்." மகள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். மனைவி அடுக்களை வாசலிலிருந்து இதைப் பார்த்தாள். முகம் மாறியது.

மறுநாள் விடியற்காலை ஆராதனைக்கு நானும் அக்காவும் கோயிலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது, மனைவி கட்டிலருகே நின்றிருந்தாள். மகளுக்கு ஈரத்துணியால் பல் துடைத்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினாள். விரல் நுனியில் ஒரு சோம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடவாப் பல்லுல இருந்துது" என்றாள்.

பிறகு அக்கா பக்கம் திரும்பினாள்.

"மதினி, நேத்து எதுக்குக் கொண்டாந்தீய அத? பிள்ளைக்கு மோந்து பாக்கக் குடுத்தீயளா, திங்கக் குடுத்தீயளா? ஒத்தப் பிள்ள மதினி எனக்கு!"

இவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அக்கா கட்டிலருகே வந்தாள். பிறகு இவள் கையைப் பிடித்து விரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஏட்டி, இது முழுசா கெடக்கு. என் பிஸ்கட்டுல முழுச் சோம்பு ஏது? நான் வறுத்து இடிச்சுல்லா போடுதேன்."

மனைவி தன் விரலையே பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அது எங்கள் வீட்டுச் சோம்பு. அலமாரியின் மேல் டப்பா கட்டிய கயிறு அவிழாமல் இருந்தது. மகளிடம் கேட்டேன். எவ்வளவு தின்றாய், எப்போது தின்றாய், யார் தந்தார்கள். வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

புது வேட்டியோடு சைக்கிளை எடுத்தேன். டாக்டர் வீட்டில் அவர் இல்லை. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், விடியும் முன்பே எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்கள் என்று அவர் மனைவி சொன்னார். மேலகரம் வழியாக மிதித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எப்போதும் அருவிச் சத்தம் காதில் விழத் தொடங்கும்போதே மனம் குளிர்ந்துவிடும். அன்று அது டாக்டரை என்னிடமிருந்து மறைத்து நிற்கும் சத்தமாகக் கேட்டது.

அருவியடியில் எண்ணெய் தேய்த்த முதுகுகள் வரிசையாக நின்றன. எல்லா முதுகும் ஒன்றுபோல இருந்தன. "டாக்டர்! டாக்டர்!" என்று கூவினேன். யாரோ ஒருவர் திரும்பி, தான் இல்லை என்று கையை ஆட்டினார். கடைசியில் வழுக்கைத் தலை ஒன்றைக் கண்டு, வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கி அவர் தோளைப் பிடித்தேன். எண்ணெயில் கை வழுக்கியது.

"சோம்பு, சார்!"

"என்னது?"

"சோம்பு! பிள்ள சோம்பு தின்னுட்டா!"

பக்கத்தில் நின்றவர், "யாருக்கு வே சோம்பு?" என்றார். அவருக்கு அடுத்தவர், "கடைவீதியில கேக்கச் சொல்லும். அருவிக்குள்ள சோம்பு ஏது?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். உடனே வெளியே வந்துவிட்டார். சைக்கிளை ஒரு டீக்கடையில் போட்டுவிட்டு, எண்ணெயும் தண்ணீரும் சொட்ட, இடுப்பில் துண்டோடும் தோளில் துண்டோடும் அவர் காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். "பேசாம வாரும், ஓய். நீரு நடுங்குததுல வண்டியே ஆடுது" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மகளின் வயிற்றில் மெதுவாக வைத்து அழுத்தினார். இங்கே, அங்கே, பிறகு கீழே. நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் குனிந்து காதைக் கொடுத்தார்.

"ஏட்டி, இவங்க யாருக்கும் சொல்லண்டாம். எனக்கு மட்டும் சொல்லு."

அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்தார்.

"சீப்ப நக்கியிருக்கா."

எங்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. முந்தின நாள் அவள் பதித்து முடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். இவள் மாவுக் கையைக் கழுவப் போனாள். சீப்பு கட்டிலிலேயே கிடந்திருக்கிறது. பல்லிடுக்குகளில் மாவும் சோம்பும். பிஸ்கட்டைத் தின்ன மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். சத்தியத்தை அவள் மீறவில்லை. சீப்பு பிஸ்கட் ஆகாது.

"எத்தன சோம்பு உள்ள போச்சுன்னு சீப்புக்குத்தான் தெரியும்" என்றார் டாக்டர். "வயிறு இப்பம் மெத்துன்னு இருக்கு. கல்லு மாதிரி ஆச்சின்னாலோ, வாந்தி எடுத்தான்னாலோ அந்த நிமிசமே ஆளனுப்பும். நாளைக்குக் காலம்பற வரைக்கும் தாண்டிட்டான்னா பயமில்ல."

அன்று முழுவதும் நான் அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகாரத் தட்டோடு வந்தவர்களை அக்கா வாசலிலேயே நிறுத்தி, பதிலுக்குத் தட்டு கொடுத்து, சிரித்துப் பேசி அனுப்பினாள். ஒருமுறை வயிறு கல்லாகிவிட்டதுபோலத் தோன்றி எழுந்துவிட்டேன். விறைத்திருந்தது என் கைதான். உள்ளே அடுக்களையில் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனது தெரிந்தது.

"மதினி, நான் ஒங்கள..."

"ஏட்டி, போ. வாயத் தொற. சீப்ப எடுத்து வைக்கணும்னு நம்ம ஒருத்தருக்கும் தோணல. இதுக்கு யாரப் போயி வைய?"

மறுநாள் காலையில் மகள் கண்ணைத் திறந்து, "கஞ்சில உப்பே இல்ல" என்றாள். நான் எழுந்து வெளியே போய் கிணற்றடியில் நின்று அழுதேன்.

அடுத்த கிறிஸ்மஸ் வந்தது. மகளுக்குக் கழுத்து வரை முடி வளர்ந்திருந்தது. டாக்டரே வீட்டுக்கு வந்து, என்ன வேண்டுமானாலும் தின்னலாம், கல்லைக்கூடத் தின்னலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சோம்பைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, சுண்டவிட்டு, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைத் தேங்காய்ப்பாலோடு கலந்து மாவு பிசைந்தாள். சீப்பை முந்தின வருடமே அடுப்பில் போட்டிருந்தாள். முள்கரண்டியால் அடையாளம் பதிந்தது. பாய் தட்டைப் பார்த்து, "சீப்பு எங்க, சார்வாள்? பேனெல்லாம் செத்துட்டோ?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டார்.

அக்கா ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள். அவள் என்ன சொல்வாளோ என்று நான் வாய் நிறையத் திணித்துக்கொண்டு நின்றேன். "ஆளக் காணும், சத்தம் மட்டும் கேக்குது" என்றாள். அவ்வளவுதான். அவள் வீட்டு பிஸ்கட்டைக் கடித்தபோது இன்னொன்று தெரிந்தது. அவளும் சோம்புப் பொடியை மெல்லிய துணியில் சலித்துத்தான் போட்டிருந்தாள். வழக்கமாக நாக்கில் படும் திப்பி இல்லை.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும் அப்படியேதான். கொய்யாப்பழத்தைக்கூட விதை நீக்கித்தான் மகளிடம் கொடுப்பேன். அவள் பெரிய வகுப்புக்குப் போன பிறகும் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இந்த கிறிஸ்மஸுக்கு வந்தவள், பெட்டியிலிருந்து ஒரு புதுச் சீப்பை எடுத்து அடுக்களை மேடையில் வைத்தாள். தன் பின்னலைக் கொண்டைபோலச் சுற்றிக்கொண்டு, அம்மா பிசைந்து வைத்திருந்த மாவைப் பாதியாகப் பிரித்தாள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு கை முழுச் சோம்பை எடுத்து ஒரு பாதியில் போட்டாள்.

"ஏட்டி!" என்றாள் என் மனைவி. நான் வாசற்படியில் நின்றுவிட்டேன்.

"அம்மா, ஹாஸ்டல்ல எல்லா ஊர் பிஸ்கட்டும் வருது. நாசரேத்து, சாயர்புரம், நாகர்கோவில். எல்லாத்துலயும் முழுச் சோம்புதான். நான் தின்னுக்கிட்டுதான இருக்கேன்? எனக்கு என்ன ஆச்சு?"

எனக்கு அது புதுச் செய்தி. இத்தனை நாள் நான் நிம்மதியாக வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரங்களில் அவள் அங்கே சோம்பு தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

மனைவி மாவிலிருந்த சோம்பையே பார்த்தாள். மகளும் பிசையாமல் கையை மாவிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மனைவி அஞ்சறைப் பெட்டியை இழுத்து மகள் பக்கம் நகர்த்தினாள்.

"வெட்டுன பெறவு மேலயும் கொஞ்சம் தூவு. எங்க வீட்டுல மேலயும் தூவுவோம்."

இரண்டு தட்டையும் நான்தான் கொண்டுபோனேன். பாய்க்கு இப்போது கண் சரியில்லை. அடுப்படியில் அவர் மகன் நிற்கிறான். ஆனாலும் அவர் தட்டைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்து, விரலால் சோம்பைத் தடவி, சீப்புக் கோட்டையும் தடவினார். "கோடு நேரா இருக்கு, சார்வாள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சூட்டோடு ஒன்றை எடுத்துக் கடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக்கூடாது என்று தெரியும். பார்வையை எடுக்க முடியவில்லை. விழுங்கிவிட்டு, என் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளைபோல வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"பாத்துக்கிடுங்கப்பா. ஒண்ணும் இல்ல."

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் ஒரு சோம்பு இருந்தது.

"இருக்கு" என்றேன். "நல்லா மென்னு முழுங்கு."

அவள் சிரித்துக்கொண்டே மென்றாள்.